எந்த மரத்துல எந்தப் புல்லுருவி: நம்ம மலையில நீங்களே பாத்து கணக்கெடுக்கிறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், புல்லுருவினா மரக் கொப்புல ஒட்டிக்கிட்டு மரத்துகிட்ட தண்ணி உறிஞ்சுற செடி. இந்தியாவுல போட்ட லிஸ்ட்ட கையில வச்சிக்கிட்டு "புல்லுருவி இந்தெந்த மரத்துலதான் வரும்"னு நம்ம இலங்கை மலைநாட்டுத் தோட்டத்துல தேடாதீங்க. நம்ம பக்கம் அதிகமா கண்ணுல படுற டென்ட்ரோப்தே ஃபல்காட்டாங்கிற வகை மட்டும் 300க்கு மேல மர வகைகள்ல ஏறுறதா பதிவாகியிருக்கு, ஆனா அந்த 300ம் ஒரே ஊர்ல நிக்கிற மரம் இல்ல. கேரளாவுல அதுக்குத் தேக்குத் தோட்டம் கெடச்சிருக்கு, தேக்குல ஏறி உக்காந்துட்டு ஃபாரஸ்ட்காரங்களுக்குத் தலைவலியா இருக்கு. ஹட்டன்ல தேக்குக்கு எங்க போறது? இங்க தேயிலை மலைக்கு நடுவுல கிரெவிலியா, அதான் நம்ம ஆளுங்க சவுக்குனு சொல்ற மரம், வரிசையா நிக்குது, அதுல போயி ஒட்டிக்கிது. அதே செடி கண்டி பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கு எறங்குனா மா, பலா, கொய்யானு மாறிடுது.

அதனால இந்தக் கைட்ல நான் சொல்லப் போறது ஒங்க ஊருக்கு ஒங்க லிஸ்ட்ட நீங்களே எப்படித் தயார் பண்றதுங்கிறதுதான். ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு வேணும்னு கேக்குற தம்பி தங்கச்சிங்களுக்கும், வீட்டுக் கொய்யா மரம் வருஷா வருஷம் காஞ்சிக்கிட்டே போவுதேனு கவலைப்படுற ஆளுங்களுக்கும் சேத்துதான் எழுதுறேன்.

எடுத்துட்டுப் போறது

பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு கொப்பி, பேனா வேணாம் பென்சில் (மிஸ்ட் எறங்குனா மை ஊறிடும்), உயரம் காட்டுற ஆப் உள்ள ஃபோன், யாருகிட்டயாவது பைனாகுலர் இருந்தா கடன் கேட்டு வாங்கிக்குங்க. அட்டைக்கு உப்போ சவுக்காரமோ கால்ல தேய்ச்சிக்கிறது ஒங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா குளவியப் பத்தி கட்டாயம் சொல்லணும். எந்த மரத்துக்குக் கீழ போயி நிக்கிறதுக்கு முன்னாடியும் கொஞ்சம் தள்ளி நின்னு கொப்பு கொப்பா மேல பாருங்க, கூடு இருந்தா அந்த மரத்த விட்டுடுங்க, கல்லு எறியிறது கம்பால தட்டுறது எதுவும் வேணாம். கொழுந்து எடுக்குற ஆளுங்கள குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், ஒரு புல்லுருவி ஃபோட்டோவுக்காக அந்த வேலைய நீங்க செஞ்சிக்காதீங்க. அப்புறம் எஸ்டேட் மலைக்குள்ள போறதுனா ஆபிஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, மருந்து அடிச்ச மலையா இருந்தா அவங்களே சொல்லுவாங்க.

காலையில போறதுதான் நல்லது. மத்தியானத்துக்கு மேல மேகம் எறங்கிடும், எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியும், எது மரத்து எல எது அதுமேல வந்த எலனு பிரிச்சிப் பாக்க முடியாது.

மொதல்ல மரம், அப்புறம்தான் புல்லுருவி

நெறைய பேரு நேரா புல்லுருவியத் தேடித்தான் போறாங்க. அது வேலைக்காவாது. மொதல்ல ஒங்க ஏரியாவுல என்னென்ன மரம் நிக்குதுனு எழுதுங்க, ஒவ்வொண்ணும் சுமாரா எத்தனனும் எழுதுங்க. தேயிலை மலைனா சவுக்கு, முள்ளுமுருக்கு, அல்பீசியா, கொஞ்சம் ஒசரமான எடத்துல வாட்டில், ரோட்டோரம் யூகலிப்டஸ். லயத்துப் பக்கம் (எஸ்டேட் ஆளுங்க வீட்டு வரிசை) கொய்யா, பட்டர் புரூட், தோடை, பண்டாரவளை நுவரெலியா பக்கம்னா பேரி. கண்டி மாத்தளை பக்கம் எறங்குனா பலா, மா, கராம்பு, சாதிக்காய், கிளிரிசிடியா வேலி. மரம் பேரு தெரியலனா வெக்கப்படாம கொழுந்து எடுக்குற அக்காமாருகிட்ட கேளுங்க, வருஷக்கணக்கா அதே மலையில நிக்கிறவங்க, எந்தச் சவுக்குல புல்லுருவி வந்துச்சு எது பட்டுப் போச்சுனு கையக் காட்டிச் சொல்லுவாங்க. பக்கத்து கிராமத்துல சிங்கள ஆளுங்ககிட்ட கேக்குறதுனா பிலிலனு கேளுங்க, வடக்குல சொந்தக்காரங்க இருந்தா குருவிச்சைனு கேட்டாத்தான் அவங்களுக்குப் புரியும்.

மரத்த ஏன் முன்னாடி எண்ணணும்னா, எண்ணலனா ஒங்க கணக்கு பூரா பொய்யாப் போயிடும். ஒரு உதாரணத்துக்கு வச்சிக்குங்க, ஒரு மலையில 100 சவுக்கு நிக்குது, 8ல புல்லுருவி இருக்கு. லயத்தச் சுத்தி 10 கொய்யா, 4ல இருக்கு. வெறும் புல்லுருவி இருந்த மரத்த மட்டும் எண்ணுற ஆளு "சவுக்குதான் அதுக்குப் புடிச்ச மரம், 8 மரத்துல இருக்கே"னு எழுதுவாரு. ஆனா பாருங்க, நூத்துக்கு எட்டு சவுக்கு, பத்துக்கு நாலு கொய்யா. கொய்யாதான் மாட்டிக்கிட்டு நிக்குது. இணையத்துல சுத்துற பாதி லிஸ்ட்டு இந்தத் தப்போடதான் சுத்துது, புல்லுருவி இல்லாத மரத்த யாரும் எண்ணுறதே இல்ல. அதனால கொப்பியில ரெண்டு பத்தி போடுங்க, ஒண்ணு மொத்த மரம், ஒண்ணு புல்லுருவி உள்ள மரம். இது ஒண்ண மட்டும் ஒழுங்காச் செஞ்சாலே போதும், மத்ததெல்லாம் பின்னாடி சேத்துக்கலாம்.

இது நெசமாவே புல்லுருவிதானா

கொப்புல பச்சையா எது தொங்குனாலும் புல்லுருவினு சொல்றது நம்ம ஊரு வழக்கம். மலையில ஈரம் அதிகம், மரத்துமேல ஆர்க்கிட், பெரணி, பாசி, அத்திக் கன்னு, எல்லாமே வளரும், இதுல எதுவும் மரத்தோட சாற உறிஞ்சுறது கெடையாது, சும்மா மேல உக்காந்திருக்கு அவ்வளவுதான். புல்லுருவினா சேருற எடத்துல பாருங்க, கொப்பு வீங்கி முண்டு மாதிரி இருக்கும், செடியோட தண்டு நேரா கொப்புக்குள்ள போற மாதிரி இருக்கும், மண்ணு வேரு எதுவும் தொங்காது. உள்ள போன அந்தப் பாகம் மரத்தோட தண்ணிக் கொழாயில போயி சேந்துடுது, மெயின் பைப்புல ஓட்ட போட்டு திருட்டுக் கனெக்‌ஷன் எடுக்குற மாதிரிதான். தண்ணியையும் உப்புச்சத்தையும் மரத்துகிட்ட எடுத்துக்கும், ஆனா எல பச்சையா இருக்கறதால வெயில்ல சாப்பாடு அதுவே செஞ்சிக்கும். அதான் அரை ஒட்டுண்ணினு சொல்றது.

சவுக்குல இத கண்டுபுடிக்கிறது ரொம்ப லேசு, சவுக்கு எல பெரணி மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், அடியில வெள்ளி நெறம், அதுக்கு நடுவுல தடிச்ச முழு எல ஒரு கொத்தா நின்னா தூரத்துல இருந்தே தெரிஞ்சிடும். மா, பலா, பட்டர் புரூட் மாதிரி தடிச்ச எல மரத்துலதான் கஷ்டம், அங்க பூவு வர்ற வரைக்கும் காத்திருக்கணும் இல்லனா கொப்புல வீக்கத்தத் தேடணும். முள்ளுமுருக்குனா எல கொட்டுற நேரம் பாத்துப் போங்க, மொட்டக் கொப்புல பச்சைக் கொத்து நின்னா தூரத்துலயே தெரிஞ்சிடும்.

எந்தப் புல்லுருவி

இலங்கையில புல்லுருவி ஒரு வகை இல்ல, ரெண்டு குடும்பத்துல நெறைய இருக்கு. இதுல ஆழமாப் போனா நாளு பத்தாது, அதனால பூவ வச்சி ஒரு சுலபமான வழி சொல்றேன். பூவு நீளமா கொழா மாதிரி கலரா இருந்தா லோரந்தேசியே குடும்பம். கொழாயோட நுனியில எத்தன இதழ் பிரியுதுனு எண்ணுங்க. 5 இருந்தா பெரும்பாலும் டென்ட்ரோப்தே. 4 இருந்தா டாக்சில்லஸ் இல்லனா ஸ்கருலா. 6 இருந்தா மாக்ரோசோலன். 5 இதழ்லயே டோலிபான்தஸ் கார்ட்னெரினு இன்னொண்ணு இருக்கு, அது இலங்கையத் தவிர வேற எங்கயும் கெடையாது, அடையாளம் என்னன்னா பூவுங்களுக்குக் கீழ உள்ள சின்ன எலைங்க ஒட்டிக்கிட்டு கிண்ணம் மாதிரி இருக்கும்.

பூவே கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதா இருந்து, தண்டு கணுக்கணுவா ஒடியிற மாதிரி இருந்தா அது ரெண்டாவது குடும்பத்து விஸ்கம். விஸ்கம் ஓரியன்டாலேக்கு எல இருக்கும், விஸ்கம் ஆர்டிகுலாட்டமுக்கு எலையே இருக்காது, தட்டையான கணுவு தொங்கிட்டே இருக்கும், மொதத் தடவ பாக்குறவங்க இதச் செடினே ஒத்துக்க மாட்டாங்க.

எல வடிவத்த மட்டும் நம்பாதீங்க. டென்ட்ரோப்தே ஒரே செடியிலயே ஒரு எல அகலமா ஒரு எல நீட்டா வைக்கும். ஆஸ்திரேலியாவுல சில அமையேமா வகைங்க தான் ஏறுற மரத்தோட எல மாதிரியே தன் எலையும் வச்சிருக்கும், காசுவரினாவுல ஏறுற அமையேமா காம்பேஜை ஊசி ஊசியா எல வைக்கும், யூகலிப்டஸ்ல ஏறுறது நீட்டா தொங்குற எல வைக்கும், அங்க எலைய வச்சி தேடுனா ஆளு ஏமாந்துடுவான். நம்ம டென்ட்ரோப்தேக்கு அந்த வித்தை தெரியாது, நமக்கு அது ஒரு நல்ல காலம்.

இன்னொண்ணும் பாருங்க. புல்லுருவி மேல புல்லுருவி இருக்கும். சவுக்குல டென்ட்ரோப்தே, அந்த டென்ட்ரோப்தே கொப்புல இன்னொரு சின்னப் பச்சைக் கொத்து. அது அனேகமா விஸ்கம் கேபிடெல்லாட்டம், தெக்கிந்தியாவுலயும் இலங்கையிலயும் மத்த புல்லுருவி மேல ஏறுறதையே தொழிலா வச்சிருக்குறது. அப்பிடி பாத்தா கொப்பியில "மரம்: சவுக்கு"னு எழுதிட்டு வந்துடாதீங்க, அதோட மரம் சவுக்கு இல்ல, டென்ட்ரோப்தே. ரெண்டையும் எழுதுங்க, கீழ எது மேல எதுனு.

குருவியப் பாக்காம மரத்தப் புரிஞ்சிக்க முடியாது

ஒரு புல்லுருவி எந்த மரத்துக்குப் போவுதுங்கிறத மொதல்ல முடிவு பண்றது செடி இல்ல, குருவி. நம்ம பக்கம் பூங்கொத்தி, அதுலயும் வெளிர் அலகு பூங்கொத்தி, இலங்கையிலயே மிகச் சின்ன குருவி இதுதான், சுமாரா 8 சென்ட்டிமீட்டர் இருக்கும், டிக் டிக்னு கத்திக்கிட்டே ஒரு எடத்துல நிக்காம ஓடும். ஈரமான காட்டுப் பக்கம் போனா வெள்ளைத் தொண்டையும் மஞ்சள் வயிறுமா லெக்ஜ் பூங்கொத்தியும் கெடைக்கும், அது நம்ம நாட்டுக்கு மட்டுமே உள்ளது. இதுங்க புல்லுருவிப் பழத்த முழுங்கும், பழத்துக்குள்ள ஒரே ஒரு வெத, அதச் சுத்தி பசை மாதிரி ஒண்ணு. வயித்துல ரொம்ப நேரம் நிக்காது, சீக்கிரமே வெளிய வந்துடும், பசை போகாமலே வர்றதால பின்னாடி ஒட்டிக்கும், குருவி கொப்புல ஒராசி ஒராசித்தான் தள்ளிவிடும். சில நேரம் நாலஞ்சு வெத பசை நூல்ல கோத்த மாதிரி கொப்புல இருந்து தொங்கும், அத ஃபோட்டோ எடுத்து வைங்க.

இதுல இருந்து ரெண்டு விஷயம் வருது. சீக்கிரம் வெளிய வர்றதால வெத ரொம்ப தூரம் போவாது, புல்லுருவி உள்ள மரத்துலயே திரும்பத் திரும்ப விழும், அதான் ஒரு மரத்துல கொத்துக் கொத்தா இருக்கும், பக்கத்து மரத்துல ஒண்ணும் இருக்காது. ரெண்டாவது, குருவி எங்க உக்காருதோ அந்த மரத்துக்குத்தான் வாய்ப்பு. தேயிலை மலையில தேயிலைக்கு மேல ஒசரமா நிக்கிறது பெரும்பாலும் சவுக்குதான், குருவிக்கு உக்கார வேற எடம் அதிகம் இல்ல. கண்டி வீட்டுத் தோட்டத்துல பத்து வகை மரம் இருக்கும், வெத எல்லாத்துலயும் விழும்.

ஆனா விழுந்த வெதையெல்லாம் பொழைக்காது. புல்லுருவி வெத எதுமேல விழுந்தாலும் மொளைக்கும், கம்பி மேல விழுந்தாக்கூட பச்சையா ஒரு முனைய நீட்டும், உள்ள போக வழி இல்லாம காஞ்சிடும். மரத்துலயும் அதே கதைதான், சில மரத்துல பட்டைய தாண்ட முடியாது, சில மரம் உள்ள வர்ற வேருக்கு எதிரா தானே மருந்து மாதிரி ஏதாவது சொரக்கும். அதனால மொளைச்ச வெதைய பாத்துட்டு "இந்த மரத்துலயும் ஏறுது"னு எழுதக் கூடாது. எல வச்சி, கொப்பு வீங்கி, ஒரு மழைக்காலமாவது தாண்டி நின்னாத்தான் லிஸ்ட்டுல சேக்கணும்.

ஊருக்கு ஊரு ஒப்பிடுறது

இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்துனேன். ஒரே எடத்துல எண்ணிட்டு நிறுத்துனா பாதி வேலைதான், வேற உயரத்துல வேற பக்கத்துல இருக்குற சொந்தக்காரங்களையும் எண்ணச் சொல்லுங்க. உயரத்துக்கு தேயிலைக்காரங்க பிரிக்கிற கணக்கையே வச்சிக்கலாம், 600 மீட்டருக்குக் கீழ, 600ல இருந்து 1200 வரைக்கும், 1200க்கு மேல. கண்டி சுமாரா 500, பதுளை 700க்கு கொஞ்சம் கீழ, பண்டாரவளையும் ஹட்டனும் 1200க்கு மேல, நுவரெலியா 1868. உயரம் மாறுனா மரமும் மாறும் குருவியும் மாறும்.

உயரம் மட்டும் பாத்தாப் பத்தாது, மழை எந்தப் பக்கத்துல இருந்து வருதுனும் பாக்கணும். ஹட்டனும் பண்டாரவளையும் கிட்டத்தட்ட ஒரே ஒசரம்தான், ஆனா ஆடி மாசம் ஹட்டன்ல தென்மேல் பருவ மழை கொட்டிக்கிட்டு இருக்கும்போது பண்டாரவளை இருக்குற ஊவா பக்கம் காஞ்ச காத்து அடிச்சிக்கிட்டு இருக்கும். புல்லுருவி மரத்தவிட அதிகமா தண்ணிய ஆவியா விடும், காஞ்ச காலத்துலயும் கைய அடக்காது, அதனால அந்த மாசங்கள்ல ஊவா பக்கம் போயி பாருங்க, புல்லுருவி உக்காந்த எடத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கொப்பு நுனி காஞ்சிருக்கா, ஹட்டன்ல அதே மரத்துல அப்பிடி காஞ்சிருக்கானு. "மரத்த கொல்லுமா கொல்லாதா"னு சண்ட போடுற ஆளுங்களுக்கு இதுதான் பதில், எந்த மரம் எந்தப் பக்கம் எந்த மாசம்னு கேக்கணும்.

கொப்பியில இன்னொரு அடையாளம் போடுங்க, அந்த மரம் காத்துல உள்ள நைட்ரஜன பிடிச்சி சத்தா மாத்துற மரமா இல்லையானு. முள்ளுமுருக்கு, அல்பீசியா, வாட்டில், கிளிரிசிடியா எல்லாம் பிடிக்கிறது, சவுக்கும் யூகலிப்டஸும் பிடிக்காது. ஆபிரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் அகேசியா மாதிரி மரங்கள்ல புல்லுருவி தாராளமா வளருது, சத்துள்ள சாறு கெடைக்கிறது ஒரு காரணம்னு சொல்றாங்க. நம்ம மலையில இது சரியா வருதானு பாக்க முள்ளுமுருக்கையும் சவுக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சி எண்ணுனாப் போதும். ஒரு எச்சரிக்கை, முள்ளுமுருக்க பசளைக்காக வருஷத்துல சில தடவ வெட்டி விடுறாங்க, கொப்போட புல்லுருவியும் போயிடும். வெட்டாம விட்ட மரத்த மட்டும் எண்ணுங்க, இல்லனா "முள்ளுமுருக்குல ஏறாது"னு தப்பா முடிவு வரும். தேயிலைக்கும் இதே கதைதான், கவ்வாத்து பண்ணி கொழுந்து கிள்ளிக்கிட்டே இருக்குற செடியில எங்க போயி பெருசா வளர்றது.

இந்த மாதிரி ஊருக்கு ஊரு மாறுறது நம்ம புல்லுருவிக்கு மட்டும் உள்ள கொணம் இல்ல. ஐரோப்பாவுல விஸ்கம் ஆல்பம்னு ஒண்ணு, கிறிஸ்மஸுக்கு வாசல்ல தொங்க விடுவாங்களே அதான், இங்கிலாந்துல ஆப்பிள் மரத்துலயும் லைம் மரத்துலயும் (லிண்டன்னு சொல்றது, எலுமிச்ச இல்ல) பொப்லர்லயும் நெறைய இருக்கும், ஓக் மரத்துல ரொம்ப அபூர்வம். அதுக்குள்ளயே கிளை வகைங்க பிரிஞ்சிருக்கு, ஒண்ணு அகல எல மரத்துக்கு, ஒண்ணு ஃபர் மரத்துக்கு, ஒண்ணு பைன் மரத்துக்கு, பைன்ல வளர்ற கிளை வகையோட வெதைய ஆப்பிள்ல தேய்ச்சா வளராது. அமெரிக்காவுல பாலைவனத்துல ஃபொராடென்ட்ரான் கலிஃபோர்னிகம் மெஸ்கீட் மாதிரி அவரைக் குடும்ப மரங்கள்ல ஏறுது, கிழக்க போனா அதோட சொந்தக்காரன் ஃபொராடென்ட்ரான் லியூகார்பம் ஓக், மேப்பிள்னு ஏறுது. ஊசி எல மரங்களுக்குனே ஆர்சியூதோபியம்னு ஒரு குட்டி இனம், குருவியையே நம்பாது, பழம் வெடிச்சி வெதைய மீட்டர் கணக்குல சுட்டு விடும்.

பொதுவா சொல்றது என்னன்னா, காட்டுல ஒரே மாதிரி மரம் நெருக்கமா நின்னா புல்லுருவி அந்த மரத்துக்குனே தேறிக்கும், பல வகை மரம் கலந்து நிக்கிற எடத்துல எதுலயும் ஏறப் பழகிக்கும், குருவி வெதைய எங்க போடும்னு அதுக்கு எப்பிடித் தெரியும். இப்ப நம்ம தேயிலை மலைய யோசிங்க. 19ஆம் நூற்றாண்டுல காட்ட வெட்டி கோப்பி போட்டு, கோப்பி நோயில அழிஞ்சதும் தேயிலை போட்டு, அதுக்கு நெழலுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த சவுக்க வரிசையா வச்சாங்க. எல்லாத்துலயும் ஏறிக்கிட்டு இருந்த செடிக்கு முன்னாடி ஒரே மரத்த ஆயிரக்கணக்குல நிறுத்தியிருக்கு. எனக்கு இதுதான் இதுல ரொம்ப ருசியான விஷயம், அதனாலதான் சவுக்கையும் பக்கத்துல மிஞ்சி நிக்கிற காட்டு மரத்தையும் சேத்து எண்ணச் சொல்றேன்.

வெட்டுறதா விடுறதா

வீட்டுக் கொய்யா, தோடைனா வெட்டுங்க. சவுக்கு எஸ்டேட்டோடது, அத அவங்க பாத்துக்கட்டும். ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கல காப்புக் காடு மாதிரி எடத்துல எலையக்கூட பறிக்கக் கூடாது, சட்டமே அப்பிடித்தான், அங்க ஃபோட்டோவோட நிறுத்திக்குங்க.

வெட்டுறதுனா புல்லுருவிய மட்டும் ஒடிச்சிப் போட்டா வேலைக்காவாது, உள்ள இருக்குற பாகத்துல இருந்து திரும்ப வரும். ஒட்டுன எடத்துல இருந்து மரத்துப் பக்கமா ஒரு அடி தள்ளி கொப்பையே வெட்டணும். டென்ட்ரோப்தேனா இன்னும் கவனமா பாக்கணும், அது கொப்பு மேலயே வேரு மாதிரி ஒண்ண ஓட விட்டு நடுநடுவுல உள்ள எறங்கும், அந்த ஓட்டம் எங்க முடியுதோ அதுக்கும் கீழதான் வெட்டு விழணும். நடு மரத்துலயே ஒட்டியிருந்தா வெட்ட வழியில்ல, எல எலையா கிள்ளிக்கிட்டே இருந்து பலவீனப்படுத்தலாம், அவ்வளவுதான். பழம் பழுக்குறதுக்கு முன்னாடி வெட்டிடுங்க. கரண்டு கம்பி பக்கத்துல தொறட்டிய நீட்டாதீங்க, ஈரக் கம்புனா இன்னும் மோசம்.

வேலியோரம் ஒண்ணு ரெண்டு நின்னா விட்டுடுங்கனுதான் நான் சொல்லுவேன். வெள்ளையும் மஞ்சளும் ஓரத்துல செவப்புமா பறக்குமே டேலியஸ் யூகாரிஸ் வண்ணத்துப்பூச்சி, அதோட புழு திங்கிறது புல்லுருவி எலையத்தான். தேன்சிட்டுக்கு தேனு, பூங்கொத்திக்கு பழம். ஆஸ்திரேலியாவுல காட்டுத் துண்டுங்கள்ல இருந்து புல்லுருவிய பூரா எடுத்துப் பாத்து 2012ல எழுதுனாங்க, பறவை வகைங்க சராசரியா ஐஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சு போச்சு.

மருந்துக்குனு தேடி வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. "இந்த மரத்துப் புல்லுருவி இந்த நோய்க்கு"னு சொல்லி கஷாயம் வைக்கிறாங்க, தாயத்துக்குள்ள வச்சிக் கட்டுறதோட நின்னா பரவாயில்ல, குடிக்கிறதுதான் ஆபத்து. மரத்துல உள்ளது புல்லுருவிக்குள்ளயும் வரும். அலரியில வளந்த டென்ட்ரோப்தேயில அலரியோட இதயத்த பாதிக்கிற விஷம் இருந்தத ஆராய்ச்சியில கண்டுபுடிச்சிருக்காங்க. கடைத்தெருவுல காஞ்ச குச்சியா விக்கும்போது அது எந்த மரத்துல இருந்து வந்துச்சுனு விக்கிற ஆளுக்கே தெரியாது.

பேரு தெரியாம நின்னா

ஃபோட்டோ எடுக்கும்போது ஒரே ஒரு படம் பத்தாது. மரம் முழுசா தெரியிற மாதிரி ஒண்ணு, மரத்தோட எல கிட்டத்துல ஒண்ணு, ஒட்டுன எடம் ஒண்ணு, புல்லுருவி எல ரெண்டு பக்கமும், பூவு இருந்தா நுனி இதழ எண்ணுற மாதிரி ஒண்ணு. பெரதெனியா பூங்காவுல தேசிய உலர்தாவரக் காப்பகம் இருக்கு, அந்த மாதிரி எடத்துல காட்டுறதுனா அனுமதி உள்ள எடத்துல இருந்து ஒரு சின்ன குச்சிய பூவோட வெட்டி, பழைய பேப்பருக்குள்ள வச்சி, மேல கனமா ஏதாவது வச்சி, பேப்பர தெனம் மாத்தி காய வைங்க. மலையில ஈரத்துக்கு பேப்பர மாத்தலனா பூஞ்சணம் புடிச்சிடும். அதோட மரத்தோட எலயும் ஒரு குச்சி சேத்து அமுக்கணும், புல்லுருவி மட்டும் கொண்டு போனா மொதக் கேள்வியே "எந்த மரத்துல எடுத்தது"னுதான் வரும். பக்கத்துல ஒரு துண்டுல பென்சிலால எழுதி வைங்க: மரத்துப் பேரு, நம்ம ஊர்ப் பேரும் சேத்து, தோட்டம், டிவிஷன், உயரம், தேதி, பூவோட கலரு. கலரு கட்டாயம் எழுதுங்க, காஞ்சா எல்லாம் ஒரே பழுப்புதான்.